கழுகு இறங்கிய துறை

கொச்சி மாநகரின் மேற்குப் பகுதியில், மட்டாஞ்சேரிக்கு அணித்தாகச் சுள்ளிக்கல் என்று ஓர் இடம் உண்டு. பல மதத்தாரும் பல மொழியாரும் அடுத்தடுத்த வீடுகளில் குடியிருந்து, நெடுங்காலமாகத் துறைமுகத்தை நம்பிப் பிழைத்து வந்த பகுதிகளுள் அதுவும் ஒன்று. அங்கிருந்து தோப்பும்படிக்கு நடந்தே போய்விடலாம். தோப்பும்படியில் காயலைக் கடக்கும் பழைய துறைமுகப் பாலத்தின் நடுப்பகுதி, கப்பல்களுக்கு வழிவிடும் பொருட்டு மேலே தூக்கத் தக்கதாக அமைக்கப்பட்டது. பாலத்தைக் கடந்தால் வெல்லிங்டன் தீவு. அத்தீவில் கடற்படையின் விமானத்தளம் ஒன்று இருக்கிறது. கருடா என்பது அதன் பெயர்.

நாள்தோறும் ஹெலிகாப்டர்களின் ஓசையைக் கேட்டுப் பழகிய மக்களுக்கு அத்தளம் ஒரு புதுமையன்று. ஆனால், அந்த ஓசைக்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாறு கொச்சியோடு நில்லாமல் கோயம்புத்தூர், தாம்பரம், திரிகோணமலை, பர்மா, சுமத்ரா என்று விரிந்து செல்வது. கடல் கடந்து சென்று போர் புரியும் விமானப் படை ஒன்று எவ்வாறு இயங்குகிறது, அதற்கு எது உயிர்நிலை என்னும் கேள்விக்கு அந்த வரலாற்றிலே விடை இருக்கிறது. அதனைச் சிறிது காண்போம், நேயர்களே.

விமானப் படை என்றதும் நம் கண்முன் நிற்பவர் யார்? தலைக்கவசம் அணிந்த விமானி. மேகத்தைக் கிழித்துக்கொண்டு பாயும் விமானம். அதில் தவறில்லை. ஆனால், அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். தேருக்கே அப்படியென்றால், வானில் ஓடும் தேருக்குச் சொல்லவும் வேண்டுமோ? பறவை எவ்வளவு உயரம் பறந்தாலும் மாலையில் வந்து அமர்வதற்கு ஒரு கிளை வேண்டும். தன் நாட்டில் போரிடும் விமானத்துக்குக் கிளை அருகிலேயே இருக்கிறது. ஆயிரம் காதம் கடந்து வந்து போரிடும் விமானமோ கிளையையும் உடன் கொண்டுவர வேண்டும். அல்லது சென்ற இடத்தில் ஆக்கிக்கொள்ள வேண்டும். ஓடுபாதை, எரிபொருள், உதிரிப் பாகம், பழுது பார்க்கும் பட்டறை, வெடிகுண்டுக் கிடங்கு, உணவு, மருந்து ஆகியவை யாவும் அந்தக் கிளையின் பகுதிகள். 1939 முதல் 1945 வரை நடந்த இரண்டாம் உலகப் போரிலே தென்னிந்தியாவும் இலங்கையும் அத்தகைய கிளைகளாயின.

அந்தக் கிளையின் அடிமரமாக நின்ற கொச்சித் துறைமுகத்தின் பிறப்பை முதலில் பார்ப்போம். கடலும் காயலும் சேரும் வாயிலிலே கெட்டிப்பட்ட மணல்திட்டு ஒன்று நெடுங்காலம் குறுக்கே கிடந்தது. பெரிய கப்பல்கள் வெளியே நங்கூரமிட்டு நிற்க, சரக்கைப் படகுகள் ஏற்றி இறக்கின. 1920-ஆம் ஆண்டில் கொச்சிக்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ அந்தத் திட்டை வெட்டி வழி திறந்தார். 1928-ஆம் ஆண்டு மே மாதம் 26-ஆம் நாள் பத்மா என்னும் கப்பல் உட்துறையில் நுழைந்தது. தூர்வாரும் கப்பல் உறிஞ்சிய மண்ணும் சேறும் காயலில் கொட்டப்பட்டு, வெல்லிங்டன் தீவின் பெரும்பகுதி உருவாயிற்று. ஓடுபாதை அமைந்த நிலமே நீரிலிருந்து எடுத்துக் கொட்டிய நிலம். கடல் கடந்து வரும் விமானப் படைக்கு நிலம் ஆக்கித் தரவேண்டும் என்றோமே, கொச்சியில் அது சொல்லுக்குச் சொல் உண்மையாயிற்று. ஆனால், பிரிஸ்டோ போரை நினைத்து அதனைச் செய்யவில்லை. வாணிகத்துக்கென்று ஆக்கியதைப் போர் வந்து எடுத்துக்கொண்டது.

போர் கிழக்கிலிருந்து வந்தது. 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. மார்ச்சு 8-ஆம் நாள் ரங்கூன் வீழ்ந்தது. அம்மாதம் 23-ஆம் நாள் அந்தமான் தீவுகளும் அவர்கள் கைக்குப் போயின. வங்கக் கடல் திறந்த வாசலாயிற்று. அக்காலத்தில் கனடா நாட்டு விமானப் படையின் 413-ஆம் அணி, வடகடலில் உள்ள ஷெட்லாந்துத் தீவுகளிலிருந்து இலங்கைக்கு அனுப்பப்பட்டது. பனி பொழியும் வட கோடியிலிருந்து புறப்பட்டவர்கள், காலிக்கு அருகில் தென்னை சூழ்ந்த கொக்கலை ஏரியில் வந்து இறங்கினார்கள். அவர்களின் விமானம் கேட்டலினா என்னும் நீர்விமானம். அதற்கு ஓடுபாதை வேண்டியதில்லை. அமைதியான ஓர் ஏரி போதும்.

அவர்களுள் ஒருவர் ஸ்குவாட்ரன் லீடர் லெனார்டு பர்ச்சால். ஏப்ரல் 2-ஆம் நாள் கொக்கலைக்கு வந்த அவர், 4-ஆம் நாளே கடலைக் கண்காணிக்கப் புறப்பட்டார். அன்று மாலை இலங்கைக்குத் தென்கிழக்கே ஏறக்குறைய 350 மைல் தொலைவில், ஜப்பானியக் கடற்படைத் தலைவர் நகுமோவின் பெருங்கப்பற்கூட்டம் அவர் கண்ணில் பட்டது. விமானம் சுட்டு வீழ்த்தப்படுமுன் கம்பியில்லாத் தந்தி வழியே எச்சரிக்கை அனுப்பப்பட்டது. விமானத்தில் இருந்த ஒன்பது பேரில் மூவர் உயிரிழந்தனர், அறுவர் சிறைப்பட்டனர். அந்த எச்சரிக்கையால் கொழும்புத் துறையில் நின்ற கப்பல்கள் பல முன்னதாக விலகிச் சென்றன. மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. ஏறக்குறைய 125 ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அன்றே கார்ன்வால், டார்செட்ஷயர் என்னும் இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் கடலில் மூழ்கடிக்கப்பட்டன. ஏப்ரல் 6-ஆம் நாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டுவீச்சுக்கு ஆளாயின. 9-ஆம் நாள் திரிகோணமலை தாக்கப்பட்டது. சென்னை நகரில் பெரும்பீதி. அரசாங்க அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தன. மக்கள் கூட்டங்கூட்டமாக நகரைவிட்டு வெளியேறினர்.

திரிகோணமலை தாக்கப்பட்ட அந்நாளில், மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மீஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கிற்று. முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். விமானந்தாங்கியாகிய அதன் மேல்தளத்தில் அன்று ஒரு போர்விமானமும் இல்லை. அதன் விமானங்கள் கரையிலே விடப்பட்டிருந்தன. கூடு இருந்தது, பறவை இல்லை. பறவையும் கூடும் பிரிந்தால் இரண்டும் பயன்படா என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டுமோ?

வெற்றி பெற்ற நகுமோவின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். ஐந்து விமானந்தாங்கிகளைக் கொண்டுவந்தார், அடித்தார், ஆனால் நிற்க முடியவில்லை. இந்தியப் பெருங்கடலில் அவருக்கு எண்ணெய் தரும் துறை இல்லை. இழந்த விமானத்துக்கு மாற்றுத் தரும் பட்டறை இல்லை. வந்த வழியே திரும்பினார். இரண்டு மாதம் கழித்து மிட்வே என்னும் இடத்தில் நடந்த போரில், இலங்கையைத் தாக்கிய ஐந்து விமானந்தாங்கிகளுள் மூன்று அழிந்தன. புயலைப் போல் வந்து போகும் படை வேறு. வேரூன்றி நின்று போரிடும் படை வேறு.

வேரூன்றும் வேலை அதற்குப் பின்னரே இங்குத் தொடங்கிற்று. கிழக்குக் கரைத் துறைமுகங்கள் பகைவரின் விமானங்களுக்கு எட்டும் தொலைவில் இருந்தன. மேற்குக் கரையில், மலைத்தொடருக்கு அப்பால், காற்றும் அலையும் புகாத உட்துறையோடு கொச்சி இருந்தது. அங்கிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே இருப்புப்பாதை கோயம்புத்தூருக்குச் செல்கிறது. சேரநாட்டுக்கும் கொங்குநாட்டுக்கும் இடையே பழங்கால வணிகர் சென்ற வழியும் அதுவே. மிளகு சென்ற வழியில் இப்போது போர்விமானத்துக்கு வேண்டிய பொருள்கள் சென்றன.

கப்பலில் வரும் விமானம் பறந்து வருவதில்லை என்பதை நேயர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். பெரும்பாலும் அது பெட்டிக்குள் வரும். உடற்பகுதி ஒரு பெட்டியில். இறக்கைகள் வேறு பெட்டியில். உப்புக்காற்றில் துருப்பிடியாதிருக்க எந்திரத்தின் மேல் தடித்த மசகு பூசியிருக்கும். பாரந்தூக்கி பெட்டியை மெல்ல இறக்க, தொழிலாளர் அதனை விமானத்தளத்துக்குக் கொண்டு சேர்ப்பர். மசகைத் துடைத்து, இறக்கைகளைப் பூட்டி, கம்பிகளை இணைத்து, எந்திரத்தை ஓட்டிப் பார்த்து, திசைகாட்டியைச் சரிசெய்து, துப்பாக்கிகளைக் குறிபார்த்து அமைத்து, சோதனையாளர் ஒருவர் மேலே கொண்டுசென்று இறக்கிய பின்னரே அதனை விமானம் என்று சொல்லலாம். அதுவரை அது சரக்கு. 1944-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் யூனிகார்ன் என்னும் கப்பல் கொச்சிக்கு வந்தது. அது விமானங்களைச் சுமந்து வருவதோடு, பழுதுபார்க்கும் பட்டறைகளையும் தன்னகத்தே கொண்டிருந்த கப்பல். மிதக்கும் பட்டறையும் நிலத்துப் பட்டறையும் அங்கே ஒன்றையொன்று சந்தித்தன.

பிரிட்டிஷ் கடற்படைக்கு ஒரு வழக்கம் உண்டு. கரையில் உள்ள நிலையத்துக்கும் கப்பலுக்கு இடுவதுபோல் பெயர் இடுவார்கள். விமான நிலையமாயின் பறவையின் பெயர். தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தபோது, அந்தந்த நாட்டு மொழிகளிலேயே பறவைப் பெயர்களைத் தேடி எடுத்தார்கள். கொச்சியில் அமைந்த நிலையத்துக்கு எச்.எம்.எஸ். கழுகு என்று பெயர். தாம்பரத்தில் இருந்தது வல்லூறு. சூலூரில் இருந்தது வைரி. அதுவும் வேட்டைப் பறவை ஒன்றின் தமிழ்ப் பெயரே. கோயம்புத்தூரில் இருந்த பெரிய பழுதுபார்க்கும் நிலையம் கருடன். இலங்கையில் புத்தளத்து நிலையத்துக்கு இராஜாளியின் சிங்களப் பெயர். கட்டுக்குருந்தை நிலையத்துக்குப் பருந்தினத்தின் சிங்களப் பெயர். பிரிட்டிஷ் அரசரின் கடற்படைப் பதிவேட்டிலே கழுகும் வல்லூறும் வைரியும் ஆங்கில எழுத்தில் ஏறின. லண்டனிலிருந்தும் கிளாஸ்கோவிலிருந்தும் வந்த இளைஞர்கள் தம் தொப்பி நாடாவில் எழுதியிருக்கக் கூடிய அச்சொற்களின் பொருளை அறிந்திருப்பார்களோ என்னவோ! பொருள் அறிந்த நமக்கு அதில் ஒரு வியப்பும் உண்டு. ஒரு வருத்தமும் உண்டு. பெயர் நம்முடையது, நிலம் நம்முடையது, கட்டளை நம்முடையதன்று.

இந்தப் பட்டறைகளும் துறைகளும் ஒன்றுசேர்ந்து விளைத்தது என்ன? 1944 ஏப்ரல் 19-ஆம் நாள், திரிகோணமலையிலிருந்து சென்ற கப்பற்படையின் விமானங்கள் சுமத்ராவின் வடமுனையிலுள்ள சபாங் துறைமுகத்தைத் தாக்கின. பிரிட்டிஷ் விமானந்தாங்கியோடு அமெரிக்க விமானந்தாங்கியும் அதில் பங்கு கொண்டது. 1945 ஜனவரி 24, 29 ஆகிய நாட்களில், பாலம்பாங் நகரிலே ஜப்பானிய விமானங்களுக்கு எரிபொருள் தந்துவந்த எண்ணெய் ஆலைகள் தாக்கப்பட்டன. 1942-இல் அடிபட்டு விலகிய கடற்படை, மூன்றாண்டுக்குள் திரும்பிவந்து அடித்தது. இடையில் மாறியது விமானியின் வீரமன்று. அது முன்பும் இருந்தது. மாறியது, அவன் முதுகுக்குப் பின்னால் நின்ற நிலம்.

பர்மா முனையிலும் இதுவே கதை. 1944 மார்ச்சில், ஐந்தாம் இந்தியக் காலாட்படைப் பிரிவு அரக்கான் போர்முனையிலிருந்து எடுத்து விமானங்களில் ஏற்றப்பட்டு, இம்பால் முனைக்குக் கொண்டுசெல்லப்பட்டது. சாலை துண்டிக்கப்பட்ட இம்பால், வானத்து வழியே வந்த அரிசியையும் குண்டையும் மருந்தையும் கொண்டு தாக்குப்பிடித்தது. அந்த முற்றுகையில் ஹரிகேன் விமானங்களோடு இந்திய விமானப் படையின் முதலாம் அணியை நடத்தியவர் அர்ஜன் சிங். பின்னாளில் அவர் இந்திய விமானப் படையின் தலைவரானார். சென்னை மாகாணத்து மக்களிடம் திரட்டிய நன்கொடையால், பிரிட்டிஷ் விமானப் படையின் அணிகள் சிலவற்றுக்குச் சென்னை மாகாணத்தின் பெயர் இடப்பட்டிருந்தது. அவற்றுள் ஒன்றாகிய 79-ஆம் அணி, 1942-இல் இந்தியாவுக்கே வந்து பர்மா முனையில் போரிட்டது. சென்னையின் பெயரைச் சீமையில் பெற்று, அப்பெயரோடு கிழக்கே வந்த அணி அது.

இவ்வளவுக்கும் வேண்டிய தளங்கள் எங்கிருந்து வந்தன? இந்தியாவில் இருநூற்றுக்கும் மேற்பட்ட விமானத்தளங்கள் இரண்டு ஆண்டுக்குள் எழுந்தன. சோழவரம், உளுந்தூர்ப்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு, தஞ்சாவூர் என்று தமிழ்நாட்டு வயல்வெளிகளிலும் பொட்டல்களிலும் ஓடுபாதைகள் நீண்டன. சாலை உருளையும் எந்திரமும் அரிதாக இருந்த காலம். கூடையில் மண் சுமந்தவர்களும், சம்மட்டியால் கல் உடைத்தவர்களும் பெரும்பாலும் கூலியாட்கள். அவர்களுள் பெண்கள் பலர். சென்னைக்கு அருகில் புழல் ஏரி நீர்விமானங்களுக்குத் துறையாயிற்று. பெங்களூரில் வால்சந்த் ஹீராசந்த் 1940-இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை, அமெரிக்க விமானப் படையின் பழுதுபார்க்கும் நிலையமாக மாறியது. பெள்ளந்தூர் ஏரியில் இறங்கிய கேட்டலினாக்களை அங்கே இந்தியத் தொழிலாளர் புதுப்பித்தனர்.

நம் நாட்டு வெயிலும் மழையும் கூட இந்தப் படைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தன. மாஸ்கிட்டோ என்னும் விமானம் மரத்தால் ஆனது. பலகைகளைப் பசையால் ஒட்டிச் செய்தது. ஐரோப்பாவில் அது புகழ்பெற்ற விமானம். 1944-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இந்தியாவில் அவ்வகை விமானங்கள் சில வானத்திலேயே சிதைந்து வீழ்ந்தன. ஈரமும் வெப்பமும் மாறிமாறித் தாக்க, ஒட்டு விட்டுப்போவது சோதனையில் தெரிந்தது. பறப்பதை நிறுத்தி ஒவ்வொன்றையும் ஆராய வேண்டியதாயிற்று. ஓரிடத்தில் வென்ற கருவி எல்லா இடத்திலும் வெல்லும் என்று எண்ணலாகாது. சென்ற நாட்டின் நிலத்தையும் நீரையும் காற்றையும் அறியாத படை, பகைவன் வருமுன்னரே பாதி தோற்றுவிடும்.

இனி, இக்கதையின் மறுபக்கத்தைப் பார்ப்போம். விமானப் படைக்கு நிலமே உயிர்நிலை என்றோம். நிலம் என்றால் மண் மட்டுமா? மண்ணின் மேல் வாழும் மக்களும் அல்லவா?

கொச்சி, திருவிதாங்கூர் நாடுகள் தம் அரிசிக்குப் பெரிதும் பர்மாவை நம்பியிருந்தன. ரங்கூன் வீழ்ந்ததும் அந்த அரிசி நின்றது. பங்கீட்டுக் கடை வாயிலில் மக்கள் காத்து நின்றார்கள். மரவள்ளிக் கிழங்கே பல வீடுகளில் உணவாயிற்று. விமானப் பெட்டிகள் வந்து இறங்கிய துறையிலே, அரிசி மூட்டைகள் வேண்டிய அளவு வந்து இறங்கவில்லை. வங்காளத்திலோ 1943-இல் பெரும்பஞ்சம் மூண்டு, ஏறக்குறைய முப்பது இலட்சம் மக்கள் மாண்டனர். உணவு அனுப்பும்படி இந்தியாவிலிருந்து திரும்பத் திரும்பக் கேட்டபோது, கப்பல் இல்லை என்று காட்டி லண்டன் போர் அமைச்சரவை போதிய அளவு அனுப்ப மறுத்தது. படைக்குக் கப்பல் கிடைத்தது; பசிக்குக் கிடைக்கவில்லை. இம்பாலில் முற்றுகையிடப்பட்ட வீரருக்கு வானத்திலிருந்து அரிசி இறக்கத் தெரிந்த அரசாங்கம், கல்கத்தாத் தெருவில் கிடந்தவனுக்குக் கடல் வழியாகக் கூட அதனைக் கொண்டுவரவில்லை. போரின் வெற்றிக் கணக்கை எழுதுவோர் இந்தக் கணக்கையும் பக்கத்தில் எழுத வேண்டும்.

மக்கள் வாய்மூடி இருந்தார்களா? இல்லை. 1942 ஆகஸ்டில் ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கம் தொடங்கிற்று. அம்மாத இறுதியில் கோவை வட்டாரத்துத் தொண்டர்கள், கட்டப்பட்டுக்கொண்டிருந்த சூலூர் விமானத்தளத்தின் கொட்டகைகளுக்கும் அங்கு நின்ற லாரிகளுக்கும் இரவிலே தீ வைத்தனர். பின்னர் சுற்றுவட்டக் கிராமத்தார் கடும் அடக்குமுறைக்கு ஆளாயினர். ஜப்பானியரிடம் அன்பு கொண்டு அதனை அவர்கள் செய்தார்கள் என்று கூற முடியாது. எங்கள் நிலத்தில் எங்களைக் கேளாமல் ஏன் வந்தாய் என்பதே அந்தத் தீயின் கேள்வி. ஓடுபாதைக்குக் கல்லும் மண்ணும் இட்டால் மட்டும் போதாது. அந்த நிலத்தாரின் இசைவும் அதன்மேல் இடப்பட வேண்டும். அவ்விசைவு இல்லாத ஓடுபாதை, தீக்கு அருகில் வைத்த வைக்கோல் போன்றது.

படைக்கு உழைக்கும் கைகள் பெரும்பாலும் வரலாற்றிலே பெயர் பெறுவதில்லை. கொச்சிக்கு இது பழைய செய்தி. படைவீரரின் உடைகளை வெளுப்பதற்கென்று டச்சுக்காரர் 18-ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து சலவைத் தொழிலாளர் குடும்பங்களை அழைத்து வந்தனர் என்று, கொச்சிக் கோட்டைப் பகுதியில் வாழும் அவர்தம் வழித்தோன்றல்கள் கூறுவர். டச்சுப் படை போய்விட்டது. பின்வந்த ஆங்கிலப் படையும் போய்விட்டது. சலவைத் துறையும் அதில் தமிழ் பேசும் மக்களும் இருக்கிறார்கள். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. ‘சாப்பா’ என்று ஒரு முறை இருந்தது. வேலைக்கு அடையாளமான உலோக வில்லைகளை மேஸ்திரி கூட்டத்தின் நடுவே வீசுவான். பொறுக்கியவனுக்கு அன்று கூலி; பொறுக்காதவனுக்குப் பட்டினி. ஒரு வில்லைக்காக மனிதர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து அடித்துக்கொள்வார்கள். இந்த இழிவை எதிர்த்துப் போராடிய தொழிலாளர்மீது 1953 செப்டம்பர் 15-ஆம் நாள் மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. நாடு விடுதலை பெற்று ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதே 1953-ஆம் ஆண்டில், மே 11-ஆம் நாள், வெல்லிங்டன் தீவின் விமானத்தளம் ஐ.என்.எஸ். கருடா என்ற பெயரோடு இந்தியக் கடற்படையின் முதல் விமான நிலையமாயிற்று. போர் முடிந்ததும் பிரிட்டிஷாரின் கழுகும் வல்லூறும் வைரியும் பதிவேட்டிலிருந்து மறைந்திருந்தன. கோயம்புத்தூரில் இருந்த கருடனின் பெயர் மட்டும் மலையிறங்கிக் கொச்சிக்கு வந்தது போலும். சீலேண்டு என்னும் சிறிய நீர்நில விமானங்கள் சிலவற்றோடு தொடங்கிய நிலையம் அது. ஒரே ஆண்டில், ஒரே துறையில், இரண்டு நிகழ்ச்சிகள்: நிலம் நம்முடையதாயிற்று, நிலத்தில் உழைப்பவனுக்கு நீதி இன்னும் வந்தபாடில்லை. சுள்ளிக்கல்லுக்கும் அந்தத் தீவுக்கும் இடையிலுள்ள பாலம் நீளத்தில் சிறியதே. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையிலிருந்த தொலைவோ பெரியது.

பின்வந்த காலத்தில் விமானத்தின் வேகம் பெருகிற்று. எட்டும் தொலைவு பெருகிற்று. வானத்திலேயே எரிபொருள் நிரப்பும் முறையும் வந்தது. இனி நிலம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். 1982-இல் நடந்த ஃபாக்லாந்துப் போர் அதற்கு விடை கூறும். தென் அட்லாண்டிக் கடலிலுள்ள அசென்ஷன் தீவிலிருந்து, ஏறக்குறைய 6,300 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஸ்டான்லி ஓடுபாதைமேல் குண்டுபோட பிரிட்டன் ஒரு வல்கன் விமானத்தை அனுப்பியது. அந்த ஒரு விமானத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க, எரிபொருள் சுமந்த விமானங்கள் பதினொன்று அதனுடன் கிளம்பின. நடுக்கடலில் அசென்ஷன் என்னும் அந்தச் சிறு தீவு இல்லையேல், அந்தப் பன்னிரண்டும் கிளம்பியிருக்க இயலாது.

நம் பக்கத்திலும் ஒரு சான்று உண்டு. 1988 நவம்பர் 3-ஆம் நாள் மாலத்தீவில் கூலிப்படையினர் ஆட்சியைக் கைப்பற்ற முயன்றனர். அந்நாட்டுத் தலைவர் உதவி வேண்டினார். அன்றிரவே ஆக்ராவிலிருந்து இந்திய விமானப் படையின் பெரிய விமானங்கள் வான்குடை வீரரை ஏற்றிக்கொண்டு, இடையில் எங்கும் இறங்காமல் 2,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து ஹுல்ஹுலே தீவின் ஓடுபாதையில் இறங்கின. அவ்வளவு எளிதாக இறங்க முடிந்தது ஏன்? அந்த ஓடுபாதை கூலிப்படையினர் கையில் சிக்கவில்லை. அங்கிருந்தோர் நம்மை அழைத்தவர்களின் தரப்பினர். 1942-இல் சூலூரிலே எழுந்த கேள்விக்கு நேர்மாறான நிலைமை இது. அழைப்பின்பேரில் இறங்கும் விமானத்துக்குச் சிறிய ஓடுபாதையும் பெரிதாகும்.

போர்க்காலக் கிளைகள் பலவும் பட்டுப்போகவில்லை. சூலூரும் தாம்பரமும் தஞ்சாவூரும் இன்று இந்திய விமானப் படையின் தளங்கள். கடற்படையோ பறவைப் பெயரிடும் வழக்கத்தைத் தொடர்கிறது. அரக்கோணத்தில் 1992-இல் அமைந்த நிலையம் இராஜாளி; இராமநாதபுரத்துக்கு அருகே உச்சிப்புளியில் உள்ளது பருந்து. இப்போது பெயரும் நம்முடையது; கட்டளையும் நம்முடையது.

கொச்சியில் 1972-இல் நிறுவப்பட்ட கப்பல் கட்டும் தளத்திலே, விக்ராந்த் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் உருவாகி, 2022 செப்டம்பர் 2-ஆம் நாள் கடற்படையில் சேர்ந்தது. நீளம் 262 மீட்டர். முழுக்க இந்தியாவில் வரைந்து, இந்தியாவிலேயே கட்டிய முதல் விமானந்தாங்கி அது. பிறர் செய்த விமானங்களைப் பெட்டி பிரித்துப் பூட்டிக் கொடுத்த துறை, எண்பது ஆண்டுக்குள் மிதக்கும் விமானத்தளம் ஒன்றையே கட்டி முடித்தது. இதில் நாம் பெருமை கொள்வதில் பிழையில்லை. ஆனால், ஹெர்மீஸின் கதையையும் உடன் நினைக்க வேண்டும். கப்பல் எவ்வளவு பெரிதாயினும் அதற்கு வேண்டிய விமானம், பட்டறை, எரிபொருள், பயிற்சி பெற்ற கைகள் ஆகியவை கரையிலே ஆயத்தமாக இருந்தால்தான் அது படை, இல்லையேல் இரும்பு.

முடிவாக ஒன்று. 2018 ஆகஸ்டில் கேரளம் பெருவெள்ளத்தில் மூழ்கியது. நெடும்பாசேரியிலுள்ள பன்னாட்டு விமான நிலையத்தின் ஓடுபாதை நீருக்குள் போயிற்று. இரண்டு வாரம் அது மூடிக்கிடந்தது. அப்போது வெல்லிங்டன் தீவின் பழைய ஓடுபாதை பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஆகஸ்டு 20-ஆம் நாள் முதல் சிறிய பயணி விமானங்கள் அங்கே வந்து இறங்கின. வெள்ளம் சூழ்ந்த ஒரு வீட்டிலிருந்து நிறைமாதக் கர்ப்பிணி ஒருவரைக் கடற்படை ஹெலிகாப்டர் கயிற்றால் மேலே தூக்கி எடுத்து மருத்துவமனை சேர்த்தது. அன்றே அவருக்கு ஆண் குழந்தை பிறந்தது. காயலின் சேற்றை அள்ளிக் கொட்டி ஆக்கிய நிலம், அரசர்களின் போருக்கு உழைத்த நிலம், பசித்த நாட்டின் துறையில் ஆயுதப் பெட்டிகள் இறங்கிய நிலம், அன்று பிள்ளைப்பேற்றுக்குத் துணை நின்றது.

விமானப் படையின் வலிமையை அதன் வேகத்தைக் கொண்டு அளப்பது எளிது. அது எந்த நிலத்தில் நிற்கிறது, அந்த நிலத்தார் அதனை எப்படிப் பார்க்கிறார்கள் என்று அளப்பதே சரியான அளவு. தலைக்கு மேல் ஹெலிகாப்டர் ஓசை கேட்கும்போது, சுள்ளிக்கல்லில் இருக்கும் ஒருவர் அஞ்சிக் கதவைச் சாத்துகிறாரா, அல்லது வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்க்கிறாரா? அந்த ஒன்றிலே எல்லாம் அடங்கியிருக்கிறது, நேயர்களே.